தலையில் ஏறிய கொக்கு

கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கும் கதை உங்களுக்குத் தெரியும். வெயிலில் வெண்ணெய் உருகிக் கொக்கின் கண்ணை மறைக்குமாம். உடனே ஓடிப்போய்ப் பிடித்துவிடலாமாம்! கேட்டாலே சிரிப்பு வருகிறது, இல்லையா?

ஆனால், கொக்கைப் பிடித்து மனிதர்கள் தங்கள் தலையில் வைத்துக்கொண்ட கதை தெரியுமா, குழந்தைகளே? இது சிரிப்புக் கதை அல்ல, உண்மையாகவே நடந்தது. ஒரு தொப்பிக்காக லட்சக்கணக்கான பறவைகள் செத்துப்போன கதை. அதைத் தடுக்க சிலர் துணிந்து எழுந்து நின்ற கதையும்கூட. அதைத்தான் இந்த வாரம் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

தலைக்கு எதற்குத் தொப்பி?

முதலில் ஒரு சின்னக் கேள்வி. மனிதன் ஏன் தலையில் எதையாவது வைத்துக்கொள்கிறான்?

வயலில் வேலை செய்யும் நம் ஊர்த் தாத்தா, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து முண்டாசு கட்டிக்கொள்கிறார். ராஜஸ்தானில் பல மீட்டர் நீளமுள்ள துணியைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொள்கிறார்கள். வியட்நாம் விவசாயிகள் ஓலையில் செய்த கூம்பு வடிவத் தொப்பி அணிகிறார்கள்; அது வெயிலுக்கும் ஆகும், மழைக்கும் ஆகும். குளிர் நாட்டுக்காரர்களுக்குக் கம்பளிக் குல்லா. கட்டட வேலை செய்பவர்களுக்கும் இரு சக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்கும் ஹெல்மெட். இவை எல்லாம் தலையைக் காப்பதற்காக.

இன்னொரு காரணமும் உண்டு. ‘நான் யார்’ என்று பிறருக்குக் காட்டுவது. போலீஸ்காரரின் தொப்பியைப் பார்த்தவுடன் அவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. கிரீடத்தைப் பார்த்தால் அரசர் என்று தெரிந்துவிடுகிறது. மொகலாயப் பேரரசர்கள் தங்கள் தலைப்பாகையில் நாரையின் இறகைச் செருகிக்கொள்வார்கள். அதற்குக் ‘கல்கி’ என்று பெயர்.

நாட்டுக்கு ஓர் அரசர், அவர் தலைப்பாகையில் ஓர் இறகு என்றால் பறவைகளுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால், ஊரில் உள்ள எல்லாருமே அந்த இறகு வேண்டும் என்று கேட்டால் என்ன ஆகும்? சுமார் 140 ஆண்டுகளுக்கு முன் அதுதான் நடந்தது.

700 தொப்பிகளை எண்ணியவர்

1886-ம் ஆண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரம். ஃபிராங்க் சாப்மன் என்ற பறவை ஆர்வலர் இரண்டு நாள் மாலையில் கடைவீதியில் நடந்தார். பறவை பார்க்கத்தான் போனார். ஆனால் மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. எதிரே வரும் பெண்களின் தொப்பிகளைப் பார்த்தார்!

மொத்தம் 700 தொப்பிகளை அவர் எண்ணினார். அவற்றில் 542 தொப்பிகளில் பறவை இறகுகள் இருந்தன. அதாவது நான்கு தொப்பிகளில் மூன்றுக்கும் மேல். அவர் அடையாளம் கண்டுபிடித்த பறவை வகைகள் மட்டும் 40. சில தொப்பிகளில் இறகு மட்டுமல்ல, முழுப் பறவையையே பாடம் செய்து, கண்ணாடிக் கண் பொருத்தி உட்காரவைத்திருந்தார்கள்.

அன்றைய ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் கூந்தலை உயரமாக வாரிக்கொண்டை போட்டு, அதன்மேல் அகலமான தொப்பியை நீண்ட ஊசிகளால் குத்தி நிறுத்துவார்கள். தொப்பி இல்லாமல் வெளியே வருவது மரியாதைக் குறைவு. அந்தத் தொப்பியில் இறகு இல்லாவிட்டால் அது நாகரிகம் இல்லை! கடைகளில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு புது மாதிரி வந்துகொண்டே இருந்தது.

தங்கத்தைவிட விலை அதிகம்

எல்லா இறகுகளிலும் அதிகம் விரும்பப்பட்டது வெண்கொக்கின் இறகுதான். அதிலும் சாதாரண இறகு அல்ல. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் கொக்கின் முதுகில் சில விசேஷ இறகுகள் முளைக்கும். நூல் நூலாகப் பிரிந்து, பனி போல வெளுத்து, மெல்லிய காற்றிலும் அசையும். ஆண், பெண் இரண்டுக்கும் அவை முளைக்கும். தன் இணையைக் கவர அவற்றை விசிறி போல விரித்து ஆடும் கொக்கு.

1903-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் இந்த இறகு ஓர் அவுன்ஸ் 32 டாலருக்கு விற்றது. அவுன்ஸ் என்றால் சுமார் 28 கிராம். அதே காலத்தில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 21 டாலருக்கும் குறைவு. தங்கத்தை எடைபோடும் அவுன்ஸ் கொஞ்சம் பெரியது, 31 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தங்கத்தைவிட எத்தனை மடங்கு விலை என்று உங்களுக்கே தெரியும்!

தங்கத்தை எடுக்கச் சுரங்கம் தோண்ட வேண்டும். கொக்கு இறகுக்கு ஒரு துப்பாக்கி போதும். ஆகவே, ஃபுளோரிடா மாநிலத்தின் சதுப்பு நிலங்களுக்குள் வேட்டைக்காரர்கள் படகில் நுழைந்தார்கள்.

ஒரு குண்டில் ஒரு குடும்பம்

இங்கேதான் குழந்தைகளே, நீங்கள் ஒன்றைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த அழகு இறகு எப்போது முளைக்கும் என்று சொன்னேன்? இனப்பெருக்கக் காலத்தில். அப்போது கொக்குகள் தனித்தனியாக இருக்காது. நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் கூடு கட்டியிருக்கும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்.

மற்ற நாட்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் கொக்கு பறந்து தப்பித்துவிடும். குஞ்சு இருக்கும்போது தாயும் தந்தையும் கூட்டை விட்டுப் போக மனமில்லாமல் அங்கேயே சுற்றிச்சுற்றி வரும். வேட்டைக்காரர்களுக்கு அது மிக வசதியாகப் போயிற்று. சுட்டார்கள், முதுகுத் தோலோடு இறகை உரித்துக்கொண்டார்கள், உடலை அங்கேயே வீசிவிட்டுப் போனார்கள். கூட்டில் இருந்த குஞ்சுகள் இரை ஊட்ட ஆளில்லாமல் பசியில் செத்தன.

ஆக, ஒரு தொப்பிக்குச் செத்தது பெரிய பறவைகள் மட்டுமல்ல. அடுத்த தலைமுறையும் சேர்ந்தே அழிந்தது. சில ஆண்டுகளிலேயே பல இடங்களில் கொக்குக் கூட்டமே இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

தொப்பி வாங்கியவர்களுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். பலருக்குத் தெரியாது. வியாபாரிகள் சிலர், “இவை கூட்டில் தானாக உதிர்ந்த இறகுகள்” என்றார்கள். “இவை செயற்கை இறகுகள்” என்றும் சொன்னார்கள். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று இருக்கும் பொருளைப் பார்க்கும்போது, சதுப்பு நிலத்தில் கிடக்கும் குஞ்சு யாருக்கும் நினைவுக்கு வராது.

தேநீர் விருந்தில் பிறந்த சங்கம்

1896-ம் ஆண்டு. பாஸ்டன் நகரில் ஹாரியட் ஹெமன்வே என்ற வசதியான பெண்மணி இருந்தார். கொக்குகள் கொல்லப்படுவதைப் பற்றி அவர் ஒரு கட்டுரையைப் படித்தார். படித்துவிட்டு, ‘ஐயோ பாவம்’ என்று சொல்லி மடித்து வைத்துவிடவில்லை. தன் உறவினரான மின்னா ஹால் என்பவரை வீட்டுக்கு அழைத்தார்.

இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த நகரத்துப் பெரிய குடும்பங்களின் முகவரிகள் அடங்கிய புத்தகத்தை எடுத்தார்கள். யார் யார் இறகுத் தொப்பி அணிவார்கள் என்று யோசித்து, ஒவ்வொரு பெயராகக் குறித்தார்கள். பிறகு அந்தப் பெண்களைத் தேநீர் விருந்துக்கு அழைத்து உண்மையை எடுத்துச் சொன்னார்கள். திட்டவில்லை, சண்டை போடவில்லை. “இனி இறகுத் தொப்பி அணிவதில்லை என்று முடிவு செய்வோமா?” என்று கேட்டார்கள்.

சுமார் 900 பெண்கள் சேர்ந்தார்கள். இப்படித்தான் மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கம் உருவானது. ஆடுபான் என்பவர் அமெரிக்கப் பறவைகளை வரைந்து புகழ்பெற்ற ஓவியர். அவர் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார்கள். அடுத்த ஆண்டே, 1897-ல், அந்த மாநிலத்தில் காட்டுப் பறவைகளின் இறகு வியாபாரத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. ரிப்பனும் துணிப்பூவும் வைத்த, பறவை இறகு இல்லாத தொப்பிகளும் கடைக்கு வந்தன. அவற்றுக்கு ‘ஆடுபானெட்’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள்.

அப்போது அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுப் போடும் உரிமைகூட இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

காவலுக்குப் போனவர்

சட்டம் போட்டால் மட்டும் போதுமா? காவல் வேண்டுமே! ஃபுளோரிடாவின் தென்கோடியில், சதுப்பு நிலத்துக்கு நடுவே பறவைகளைக் காக்க 1902-ம் ஆண்டு ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் பெயர் கய் பிராட்லி. சம்பளம் மாதம் 35 டாலர்.

பிராட்லி சிறுவனாக இருந்தபோது இறகு வேட்டைக்காரர்களுடன் போயிருக்கிறார். ஆகவே, பறவைகள் எங்கே கூடு கட்டும், வேட்டைக்காரர்கள் எந்த வழியாக வருவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெரியவரானதும் அந்த வேலை தவறு என்று உணர்ந்து, அதே அறிவைப் பறவைகளைக் காக்கப் பயன்படுத்தினார். பரந்த நீர்ப்பரப்பு, காவலுக்கு அவர் ஒருவர். படகில் சுற்றி வருவார். எச்சரிக்கைப் பலகைகள் வைப்பார். வேட்டையாடுபவர்களைப் பிடிப்பார்.

1905-ம் ஆண்டு ஜூலை 8-ம் தேதி காலை. கூடுகள் இருந்த ஒரு தீவுப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பிராட்லி தன் சிறிய படகில் தனியாகப் போனார். திரும்பி வரவில்லை. வேட்டைக்காரர் ஒருவர் அவரைச் சுட்டுவிட்டார். மறுநாள் அவர் உடல் படகோடு மிதந்து வந்தது. அப்போது அவருக்கு வயது 35. இரண்டு சின்னக் குழந்தைகள். சுட்டவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை.

செய்தி பரவியது. ‘தொப்பிக்காகப் பறவை சாகிறது’ என்று கேட்டு அலட்சியமாக இருந்தவர்கள், ‘தொப்பிக்காக ஒரு மனிதரும் செத்துவிட்டார்’ என்றதும் திடுக்கிட்டார்கள். அவர் குடும்பத்துக்கு வீடு வாங்கித் தர மக்கள் பணம் அனுப்பினார்கள். தொப்பி வியாபாரத்தின் மையமாக இருந்த நியூயார்க் மாநிலத்தில் 1910-ம் ஆண்டு இறகு விற்பனைக்குத் தடை வந்தது. 1918-ம் ஆண்டு, வலசை போகும் பறவைகளைக் காக்கும் சட்டம் அமெரிக்கா முழுவதற்கும் வந்தது.

லண்டன் வீதியில்

கடலுக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்திலும் பெண்களே முன்னால் நின்றார்கள். 1889-ம் ஆண்டு மான்செஸ்டர் அருகே எமிலி வில்லியம்சன் என்பவர் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். சேருபவர்கள் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும்: உணவுக்காகக் கொல்லப்படாத எந்தப் பறவையின் இறகையும் அணிய மாட்டேன். நெருப்புக்கோழிக்கு மட்டும் விலக்கு. ஏன் தெரியுமா? அந்த இறகைக் கொல்லாமலே கத்தரித்து எடுக்கலாம், மறுபடியும் முளைக்கும். தென்னாப்பிரிக்காவில் அதற்கென்றே பண்ணைகள் இருந்தன.

1911-ம் ஆண்டு, சுட்ட கொக்கும் பசித்த குஞ்சும் வரைந்த பலகைகளைச் சுமந்துகொண்டு ஆட்கள் லண்டன் கடைவீதிகளில் வரிசையாக நடந்தார்கள். இறகுத் தொப்பி வாங்க வந்தவர்கள் கண்ணில் அந்தப் படங்கள் பட்டன.

“இறகுக்குச் சாயம் போட்டு, சுருட்டி, தொப்பியில் தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்களின் வேலை போய்விடுமே!” என்று வியாபாரிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தத் தொழிலை நம்பி லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். ஆனால் தொப்பியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே! ரிப்பனைத் தைக்கவும், துணிப்பூ செய்யவும், நெருப்புக்கோழி இறகைச் சுருட்டவும் கைகள் வேண்டும் அல்லவா? கொக்கு செத்தால்தான் வேலை என்பதில்லை என்று இவர்கள் பதில் சொன்னார்கள்.

1921-ம் ஆண்டு, வெளிநாட்டிலிருந்து இறகு இறக்குமதி செய்வதைத் தடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. எமிலி தொடங்கியதிலிருந்து 32 ஆண்டுகள்! இதற்குள் நாகரிகமும் மாறிவிட்டது. முதல் உலகப்போருக்குப் பின் பெண்கள் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள். பெரிய தொப்பியை ஊசி குத்தி நிறுத்தக் கொண்டையே இல்லை!

நம் நாட்டில்

இறகு வியாபாரம் நம் நாட்டையும் விடவில்லை. இங்கிருந்தும் பறவைத் தோலும் இறகும் கப்பலில் போயின. 1902-ம் ஆண்டு, காட்டுப் பறவைகளின் இறகையும் தோலையும் ஏற்றுமதி செய்ய அன்றைய இந்திய அரசு தடை விதித்தது. இங்கிலாந்தின் சட்டத்துக்கு இது 19 ஆண்டுகள் மூத்தது!

அதற்கும் முன்பே கொக்குகளுக்கு நம் கிராமத்து மக்கள் காவல் இருந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரிக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்ல உரம். இதை அறிந்த ஊர் மக்கள், பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் உத்தரவு வாங்கினார்கள். பறவைகள் மிரளும் என்பதால் ஊரில் பட்டாசு வெடிக்காமலும் இருக்கிறார்கள்.

இமாச்சலப் பிரதேசத்தில் ஆண்கள் தங்கள் தொப்பியில் மோனல் என்ற மலைப்பறவையின் கொண்டை இறகைச் செருகிக்கொள்வது வழக்கம். அந்தக் கொண்டை ஆண் பறவைக்கு மட்டுமே உண்டு. அதற்காகவே அவை வேட்டையாடப்பட்டன. 1982-ம் ஆண்டு அங்கே வேட்டைக்குத் தடை வந்தது.

இருவாச்சிக்கு ஒரு மாற்று அலகு

அருணாசலப் பிரதேசத்தில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே வாழும் நிஷி பழங்குடி மக்கள் பிரம்பில் அழகாகத் தொப்பி பின்னுவார்கள். அதன் உச்சியில் பெரிய இருவாச்சிப் பறவையின் அலகைப் பொருத்துவார்கள். மஞ்சள் நிறத்தில், மேலே ஒரு புடைப்போடு இருக்கும் பெரிய அலகு அது. நிஷி ஆண்களுக்கு அந்தத் தொப்பி பெருமைக்குரிய அடையாளம்.

இருவாச்சியின் குடும்ப வாழ்க்கை வியப்பானது. பெண் பறவை மரப்பொந்துக்குள் நுழைந்து, வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறிய இடுக்கு மட்டும் திறந்திருக்கும். மூன்று, நான்கு மாதம் அந்த இடுக்கு வழியாக ஆண் பறவை பழங்களை ஊட்டும். அந்த ஆண் பறவையைச் சுட்டுவிட்டால் உள்ளே இருக்கும் தாய், குஞ்சு இரண்டின் கதி? கொக்கின் கதைதான். இங்கும் ஒரு குண்டில் ஒரு குடும்பம்.

“தொப்பியைக் கழற்று” என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அது அவர்கள் முன்னோர் தந்த மரியாதை ஆயிற்றே! ஆகவே, 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வனத்துறையும் காட்டுயிர் ஆர்வலர்களும் ஒரு வழி கண்டார்கள். ஃபைபர் கிளாஸில், அசல் போலவே இருவாச்சி அலகு செய்து கொடுத்தார்கள். நிஷி மக்களில் பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள். தொப்பியும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது, பறவையும் காட்டில் இருக்கிறது! பக்கே புலிகள் காப்பகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், முன்பு வேட்டையாடியவர்களில் சிலரே இன்று இருவாச்சிக் கூடுகளுக்குக் காவலர்கள். கய் பிராட்லி நினைவுக்கு வருகிறார் அல்லவா?

பெரிய இருவாச்சி நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. வால்பாறைப் பக்கம் போனால் மரங்களை அண்ணாந்து பாருங்கள். அது பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுகிறது. அங்கே புது மரம் முளைக்கிறது. காட்டை வளர்க்கும் தோட்டக்காரர் அது.

கொக்கு திரும்பி வந்தது

சட்டமும் காவலும் வந்த பிறகு அமெரிக்காவில் வெண்கொக்குகள் மெல்ல மெல்லப் பெருகின. அங்குள்ள தேசிய ஆடுபான் சங்கத்தின் சின்னமே இன்று பறக்கும் ஒரு வெண்கொக்குதான். இங்கிலாந்தில் சின்னக் கொக்கு 1996-ம் ஆண்டு முதன்முறையாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. எமிலி வில்லியம்சன் தொடங்கிய சங்கத்தில் இன்று 10 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

குழந்தைகளே, நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கும். கடைக்காரர் சொல்லும் விலை அதில் பாதிதான். ‘இது எங்கிருந்து வந்தது? யார் இதற்காகக் கஷ்டப்பட்டார்கள்?’ என்று கேட்கும் பழக்கத்தை இந்த வயதிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள். ஹாரியட்டும் மின்னாவும் செய்தது அவ்வளவுதான். கேட்டார்கள், தெரிந்ததைப் பத்துப் பேரிடம் சொன்னார்கள்.

நீங்களும் செய்யலாம்

* உங்கள் ஊர் ஏரி, குளம், வயலில் நிற்கும் கொக்கைக் கவனியுங்கள். கறுப்பு அலகும், மஞ்சள் சாக்ஸ் போட்டது போன்ற பாதமும் இருந்தால் அது சின்னக் கொக்கு. மாட்டின் பின்னாலேயே நடந்து பூச்சி பிடித்தால் அது உண்ணிக்கொக்கு. கூடு கட்டும் பருவத்தில் அதன் தலையும் கழுத்தும் பொன்னிறமாக மாறும்.

* தொப்பிகளை எண்ணிய ஃபிராங்க் சாப்மன், 1900-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று உயிருள்ள பறவைகளை எண்ணும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, ஒரே இடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணுங்கள்.

* வெயிலில் போகும்போது மறக்காமல் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். இறகு வேண்டும் என்று தோன்றினால் வண்ணக் காகிதத்தில் வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்!